விளையாட்டும் குளிர்த்தியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் உளவளத்துணை உபகுழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



வாவியைப் பற்றியும் பாடும் மீனைப் பற்றியும் எங்களுக்கு முன் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறோம். கடந்த வருடம் எமது உபகுழுவுக்கு வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "வகுப்பில் பிள்ளைகளைக் கடதாசி விளையாட விடுகிறீர்களாமே, அதற்கா நாங்கள் காசு அனுப்புகிறோம்?" கேட்டவர்களில் ஒருவர் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்துப் பயிற்சிக்காகக் கணித பாடத்துக்கு வராமல் நின்றவர் என்பதால், பயப்படாமல் பதில் சொல்லலாம் என்று துணிந்தோம்.

விளையாடுவது உண்மைதான். எப்படி என்று சொல்கிறோம். தரம் 9 வகுப்பு, ஐந்து மேசை, மேசைக்கு நான்கைந்து பிள்ளைகள். கடதாசிக்கட்டு என்றால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள் என்பதால் பழைய நாட்காட்டி மட்டையை வெட்டி, நான்கு நிறத்தில் ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் எழுதிய சீட்டுக்கள். ஆட்டம் எங்கள் வீடுகளில் ஐயாமார் ஆடிய 304 மாதிரித்தான், அதைவிட இலேசானது. மேசைக்கு ஒரு விதித்தாள் கொடுப்போம். ஐந்து நிமிடம் பழகியதும் தாளை வாங்கிவிடுவோம். அதன்பின் ஒரு சொல்லும் பேசக்கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது. சுற்று முடிந்ததும் வென்றவள் அடுத்த மேசைக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தெரியாத விடயம், ஐந்து மேசைக்கும் கொடுத்த விதிகள் ஒன்றல்ல என்பது. ஒரு மேசையில் சிவப்புத்தான் துரும்பு, இன்னொன்றில் துரும்பே இல்லை. ஒரு மேசையில் ஒன்று எல்லாவற்றிலும் பெரியது, பக்கத்து மேசையில் அதுவே எல்லாவற்றிலும் சின்னது. புது மேசைக்கு வந்த பிள்ளை தான் வென்றுவிட்டதாக நினைத்துச் சீட்டை எடுக்கக் கை நீட்டுவாள். அதே கணம் எதிரில் இருப்பவளும் கை நீட்டுவாள். வாய் திறக்க முடியாது. அந்த ஐந்து விநாடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருத்தி கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வாள். ஒருத்தி மேசையில் தட்டுவாள். ஒருத்திக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும். வகுப்பில் முதலாம் பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் கண் கலங்கும், விதி தெரியாமல் நிற்கும் அனுபவம் அவளுக்குப் புதிது.

இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. சென்னையிலிருந்து அமெரிக்கா சென்ற சிவசைலம் தியாகராஜன் என்னும் தமிழர் 1980இல் அமைத்த ஆட்டம் இது. பயிற்சியாளர் வட்டத்தில் அவரைத் தியாகி என்றே அழைப்பார்கள். மேற்கு ஆபிரிக்காவில் லைபீரியா நாட்டின் பாங்கா என்ற ஊரில் வேலை செய்தபோது, சேர்ந்து ஆடியவர்கள் ஒரே ஆட்டத்தின் விதிகளை ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொண்டு குழம்பியதிலிருந்து அவருக்கு இந்த எண்ணம் வந்தது. ஆட்டத்தின் பெயரும் பாங்காதான். பிறநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பயிற்றுவிக்க உலகெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே வந்திருக்கும் சில அக்காமார் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ ஏதாவதொரு அலுவலகப் பயிற்சியில் இதை ஆடியும் இருப்பீர்கள்.

அவரிடமிருந்து நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டது ஆட்டத்தை அல்ல, ஆட்டம் முடிந்தபின் கேட்கும் ஆறு கேள்விகளை. என்ன உணர்ந்தீர்கள், என்ன நடந்தது, என்ன கற்றீர்கள், வெளி வாழ்க்கையில் இது எங்கே நடக்கிறது, வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன, இனி என்ன செய்வீர்கள். முதல் கேள்வி உணர்வைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். ஆசிரியத் தொழிலில் எங்களுக்குப் பழகியது நேர்மாறான ஒழுங்கு. என்ன நடந்தது என்று முதலில் விசாரிப்போம், யாரில் பிழை என்று தீர்ப்போம், பிள்ளை என்ன உணர்ந்தாள் என்று கேட்க மணி அடித்துவிடும். இருபது நிமிடம் ஆடினால் நாற்பது நிமிடம் பேச வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்த நாற்பது நிமிடத்தில்தான் "நான் கோபத்தில் சீட்டை இழுத்தேன், அவள் ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன்" என்று ஒருத்தி சொல்லுவாள். எதிரில் இருந்தவள் "நானும் அதையேதான் நினைத்தேன்" என்பாள். உடம்பில் எங்கே தெரிந்தது என்று கேட்டால் உள்ளங்கை வியர்த்தது, காது சூடானது, வயிற்றுக்குள் ஏதோ புரண்டது என்று ஒவ்வொன்றாக வரும். கோபமும் பயமும் வரும் வழியை அடையாளம் கண்ட பிள்ளைக்கு, அடுத்த முறை அது வரும்போது மூச்சை ஆறுதலாக விட்டு ஒரு கணம் பொறுக்க முடிகிறது. மனவெழுச்சிச் சமநிலை என்று கல்வியியல் புத்தகங்களில் நாங்கள் படித்துப் பரீட்சை எழுதிய பெரிய சொல்லுக்கு வகுப்பறையில் உள்ள பொருள் இவ்வளவுதான்.

சூடேற்றுவது சுலபம், ஆற்றுவதுதான் வேலை என்பது எங்கள் மண்ணுக்குத் தெரியாத விடயமா? மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் ஊர்களில் கொம்புமுறி நடந்ததைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். எந்தச் சேரி என்பது பிறப்போடு வருவது. ஒரே வளவுக்குள் புருசன் ஒரு சேரி, பெண்சாதி மற்றச் சேரி என்று அமைவதும் உண்டு. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும் வரை இரண்டு பக்கமும் இழுப்பார்கள். முறிந்த பக்கத்தை வென்ற பக்கம் பாட்டுக் கட்டி நையாண்டி செய்யும். வருடம் முழுக்க அடக்கி வைத்த கோபமெல்லாம் அந்தப் பாட்டில் வெளியே வரும். ஆனால் எல்லாம் அம்மனின் முன்னிலையில், அம்மனின் பெயரால், ஒரு வரம்புக்குள். கோபம் கொண்டு மதுரையை எரித்தவளைக் குளிரச் செய்வதற்கான ஆட்டம் அது. வைகாசிச் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடுவார்கள், அதைப் பாடாமல் சடங்கு நிறைவேறாது. வெளிநாட்டுப் புத்தகங்களில் விளையாட்டுக்குப் பிந்திய கலந்துரையாடல் என்று நாங்கள் படித்ததை எங்கள் கட்டாடியாரும் கப்புகனாரும் எத்தனையோ தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். உபகுழுவுக்குள் நாங்கள் அந்தக் கலந்துரையாடலைக் குளிர்த்தி என்றே அழைக்கிறோம். இன்றைக்கு குளிர்த்திக்கு நேரம் இருக்கா, இல்லையென்றால் ஆட்டத்தைத் தொடங்க வேண்டாம் என்போம்.

குளிர்த்தி இல்லாத ஆட்டத்துக்கும் உதாரணம் உண்டு. எங்களில் ஒருவர் முன்பு கற்பித்த கரையோரப் பாடசாலை ஒன்றில் சுனாமி ஒத்திகை வைத்தார்கள். ஒத்திகை தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் நாங்கள் யாரை இழந்தோம் என்பது இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல்திட்டியில் வாழ்கிறவர்களுக்கு ஓடும் வழி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாடசாலையில் முன்னறிவித்தல் இல்லாமல் ஒலியை எழுப்பினார்கள், உண்மை மாதிரி இருக்க வேண்டுமாம். பிள்ளைகள் ஓடினார்கள், எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், பத்து நிமிடத்தில் வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். சுனாமிக்குப் பின் பிறந்த பிள்ளைகள்தான். ஆனால் வீட்டில் மாலை போட்ட படங்களோடு வளர்ந்தவர்கள். ஒரு பிள்ளை மேசைக்குக் கீழிருந்து வெளியே வர மறுத்தது. அதை ஒழுக்கக் குறைபாடு என்று பதிவேட்டில் எழுதிய கை இன்னும் சோக்குப் பிடிக்கிறது.

இதற்கு எதிர்மறையாக யப்பானில் காமாய்சி நகரத்தைச் சொல்லலாம். 2011 மார்ச் 11இல் அங்கே நடுநிலைப் பாடசாலை மாணவர் நிலம் அதிர்ந்ததும் ஆசிரியரின் கட்டளைக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பாடசாலைச் சின்னப் பிள்ளைகளும் ஓட, பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பல வருடம் படிப்பித்து, நடந்து பார்த்து, பேசிப் பழகிய பயிற்சியின் பலன். அதில் எங்களுக்குப் பிடித்த பகுதி அந்தக் கைபிடிப்பு. இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு கையில் இருக்கும் பிள்ளைக்குத் தன் பயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அதனால் எங்கள் ஒத்திகையில் தரம் 10 பிள்ளைக்குத் தரம் 6 பிள்ளை ஒருத்தி ஒப்படைக்கப்படுவாள். திகதியையும் நேரத்தையும் முதல் நாளே சொல்லுவோம். திரும்பி வந்ததும் மரத்தடியில் இருத்தி, தேநீர் கொடுத்து, பேசவிட்டுத்தான் வகுப்புக்கு அனுப்புவோம். தேநீர்ச் செலவைக் கணக்கறிக்கையில் பார்த்துக் கேள்வி கேட்டவருக்கும் இதுதான் பதில்.

இதெல்லாம் உண்மையில் பயன் தருகிறதா என்று வைத்தியர்களாக இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். யாழ் மாவட்டத்தில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 399 பேர். ஒரு பகுதியினருக்கு ஐந்து வாரத்தில் 15 அமர்வுகளாக விளையாட்டு, நாடகம், வரைதல், அமைதிப்படுத்தும் பயிற்சி. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். முடிவு 2012இல் வெளிவந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் மனவடு, மனச்சோர்வு, பதற்றம் என்ற முக்கிய அளவைகளில் இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முரட்டு நடத்தை குறைந்தது. ஆண் பிள்ளைகளுக்கு நன்மை தெரிந்தது, வயது குறைந்தவர்களுக்கும், அப்போது போர் நெருக்கீடு குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் தெரிந்தது. பெண் பிள்ளைகளிடம் மட்டும், அமர்வுகளில் கலந்துகொண்டவர்களைவிடக் காத்திருந்தவர்களுக்கே மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன.

ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவியர் சங்கம் இந்த வசனத்தைத் தாண்டிப் போகக்கூடாது. எங்கள் உபகுழுவில் மூன்று கூட்டம் இதையே பேசினோம். ஏன் அப்படி என்பதற்கு எங்கள் ஊகத்தைத்தான் சொல்ல முடியும். ஆண் பிள்ளை விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனால் மறுபடியும் விளையாடப் போகிறான். பெண் பிள்ளை போய் உலை வைக்கிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள். அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலைக்குப் போயிருந்தால் அப்பம்மாவையும் அவள்தான் பார்க்கிறாள். வாசலில் நுண்கடன் அறவிட வருகிறவருக்கு "அப்பா இல்லை" என்று பொய் சொல்ல நிற்பதும் அவள்தான். வகுப்பில் நெஞ்சைத் திறக்கச் சொல்லிவிட்டு, மூட ஒரு வழியும் காட்டாமல், இருபது நிமிடத்தில் அந்த வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? திறந்தது திறந்தபடியே கிடக்கும்.

ஐந்து வாரம் என்பதும் எங்களை உறுத்தியது. எங்கள் நகரத்திலேயே நீண்டகால முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1996இல் இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான பாதர் போல் சற்குணநாயகமும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. ரொறன்ரோவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக ஹோகன் நடத்திய தோட்டத்தின் அனுபவத்தோடு அது உருவானது. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் கூட்டி வருவார்கள். சோதனைச் சாவடிகளைத் தாண்டி அந்த பஸ் போன காலம் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் வீதம் ஒன்பது மாதம். களிமண், வர்ணம், கதை, கூத்து, பிராணிகள். போரில் என்ன நடந்தது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பிள்ளை தானாகக் களிமண்ணில் செய்தால் பார்ப்பார்கள். அவர்களை வழிநடத்திய இளைஞர் யுவதிகளும் அதே போரில் அடிபட்டவர்கள்தான். பத்துப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகும் அங்கே போன பிள்ளைகள் அந்த நாளைச் சொல்லும்போது முகம் மாறுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அது ஆய்வு முடிவாகாது, எங்கள் கண்ணால் கண்டது மட்டும்.

இவற்றைப் படித்தபின் எங்கள் வேலைமுறையை இறுக்கினோம். நடந்த துயரத்தை ஒருபோதும் விளையாட்டாக்குவதில்லை. போர், வெள்ளம், கடல், 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் எங்கள் நகரத்துப் பிள்ளைகளுக்கு நடந்தது, இவை எதுவும் ஆட்டத்துக்குள் வராது. ஆட்டத்தின் நெருக்கீடு மட்டைச் சீட்டின் அளவில் இருந்தால் போதும். எந்தப் பிள்ளையும் எந்த நேரமும் காரணம் சொல்லாமல் எழுந்து யன்னலோரம் போய் இருக்கலாம். அப்படி எழுந்து போவதே பல பிள்ளைகளுக்கு முதல் பாடமாக இருக்கிறது. "மாட்டேன்" என்று சொல்லிப் பழக வீட்டில் இடம் இல்லை. புள்ளி கிடையாது, பரிசு கிடையாது. இல்ல விளையாட்டுப் போட்டியில் கிண்ணம் வாங்கி வளர்ந்த எங்களுக்கே இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆட்டம் முடிந்த அன்று மனம் பாரமாகப் போன பிள்ளையை அடுத்த நாள் உளவளத்துணை ஆசிரியை தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்திப்பார். அந்தத் தற்செயலுக்கு ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது.

ஒன்பது மாதம் எங்களால் இயலாது. ஒரு வருடத்தில், மூன்று தவணையிலும், இரண்டு வாரத்துக்கொருமுறை என்று தொடங்கியிருக்கிறோம். பரீட்சை வகுப்புகளில் இதற்குத்தான் கடும் எதிர்ப்பு. சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் இரண்டு பாடவேளையை விளையாட்டுக்குக் கொடுப்பதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களின் பயம் நியாயமானது, இந்த ஊரில் ஒரு பெண் பிள்ளைக்குப் பெறுபேறுதான் வாசற்கதவு. நாங்கள் அவர்களிடம் ஒரு விடயத்தை மட்டும் கேட்டோம். மாதிரிப் பரீட்சை என்று வருடத்துக்கு எத்தனை முறை வைக்கிறோம்? அதுவும் ஒரு பாவனைதானே. மண்டபம், மணி, மேற்பார்வையாளர், கேள்வித்தாள் எல்லாம் உண்மை மாதிரியே. பிறகு புள்ளியை வாசித்துக் காட்டுகிறோம். குளிர்த்தி எங்கே? இப்போது ஒவ்வொரு மாதிரிப் பரீட்சைக்குப் பின்பும் ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறோம். எந்தக் கேள்வியில் கை நடுங்கியது, அப்போது என்ன செய்தாய், தண்ணீர் குடித்தாயா, அடுத்த கேள்விக்குத் தாண்டினாயா, பக்கத்தில் இருப்பவள் மேலதிகத் தாள் கேட்டதைப் பார்த்துப் பதறினாயா? விடைகளைப் பற்றி அந்த நேரத்தில் ஒரு சொல்லும் இல்லை. எதிர்த்த பெற்றோர் சிலரே இப்போது ரியூசனிலும் இப்படிச் செய்ய முடியாதா என்று கேட்கிறார்கள்.

இனி எங்கள் கோரிக்கை. நூற்றாண்டை முன்னிட்டு ஒளித்திரைப் பலகைகள் வாங்கித் தரலாம் என்று இரண்டு கிளைகள் அறிவித்திருப்பதை அறிவோம். மனமார்ந்த நன்றி. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பொருளாக இல்லாமல் ஆளாகத் தாருங்கள் என்று கேட்கிறோம். எமது உளவளத்துணை ஆசிரியை வாரத்தில் பெரும்பகுதி வேறு பாடம் எடுக்கிறார், வராத ஆசிரியரின் வகுப்பையும் பார்க்கிறார். அவருக்கு உதவியாக, முறையாக உளவளத்துணை படித்த இளம் பெண் ஒருவரை மூன்று வருடத்துக்காவது நியமிக்க வேண்டும். முடிந்தால் தமிழ்ப் பிள்ளை ஒருவரும் முஸ்லிம் பிள்ளை ஒருவரும். மூன்று வருடம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுனாமிக்குப் பின் இந்தக் கரைக்கு வந்த எத்தனையோ திட்டங்கள் பிள்ளைகள் பேசத் தொடங்கிய வாரத்தில் நிதி முடிந்து மூட்டை கட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். மற்றது, அதிபரிடம் இந்த மேடையிலிருந்தே கேட்கிறோம், அம்மா, அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பாடவேளைகளையும் இணைத்துத் தாருங்கள், இடையில் மணி அடிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை தரம் 9இல் அடுத்த ஆட்டம் இருக்கிறது. ஊரில் நிற்கும் அக்காமார் வரலாம். இரண்டு நிபந்தனை: கைத்தொலைபேசியை அலுவலகத்தில் வைத்துவிட்டு வர வேண்டும், வந்தால் மேசையில் உட்கார்ந்து ஆடவும் வேண்டும். பார்வையாளர் கதிரை கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் நல்ல தடித்த நாட்காட்டி மட்டை இருந்தால் கொடுத்தனுப்புங்கள். எங்களுடையது ஓரம் கிழிந்துவிட்டது, எந்தச் சீட்டு எது என்று பிள்ளைகள் கிழிசலைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள்.